பனிநாட்டுத் தாழ்வாரமும் நமது கடமையும்

வெளிநாடு சென்று மீள்வோர் அந்நாட்டின் பெருமைகளை அடுக்கி எழுதுதல் இத்தகைய மலர்களில் வழக்கமாகிவிட்டது. வானளாவிய மாடங்களையும் காற்றினும் கடுகிச் செல்லும் வண்டிகளையும் கண்டு வியந்தோம் என்று எழுதுவதற்கு மிகுந்த சிந்தனை வேண்டியதில்லை. யாமும் ஒரு மாரிகால விடுமுறையில் யப்பான் தேசத்திற் பத்து நாட்கள் பிரயாணஞ் செய்து மீண்டோம். ஆயினும் யாம் இங்கு எழுதப் புகுந்தது அந்நாட்டுத் தலைநகரின் சிறப்பையன்று. மழைப்பனி மூடிய ஒரு சிறு பட்டினத்தில், வீடுகளின் முன்னே நின்ற எளிய மரத் தாழ்வாரங்கள் எமக்குக் கற்பித்த பாடத்தையே எழுதுகின்றோம். யூபிலி கொண்டாடும் நமது கல்லூரிக்கும், அதன் பழைய மாணவராகிய நமக்கும் அப்பாடம் உரியதென்பது எமது துணிபு.

முதலில் நகரத்தைச் சிறிது கூறுவாம். தோக்கியோ மாநகரில் ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். சுற்றுப்புறங்களையுஞ் சேர்த்தெண்ணின் அத்தொகை 3 கோடி 70 இலட்சமளவாகும். இலங்கையின் முழுக் குடித்தொகையினும் அஃது ஒன்றரை மடங்குக்கு மேலானது. சிஞ்சுக்கு என்னும் ஒரு புகையிரத நிலையத்தில் மட்டும் நாடோறும் 30 இலட்சமளவான பிரயாணிகள் ஏறி இறங்குகின்றனர்; அதன் வாயில்கள் 200 இற்கும் மேற்பட்டன. அத்துணைச் சனத்திரளிலும் கூச்சல் இல்லை. இடித்து முந்துவோரும் இலர். மாரிகாலமாயினும் வானம் நீலமாய்த் தெளிந்திருந்தது; மழைப்பனியைக் காண்பதற்கு வந்த எமக்குத் தலைநகரில் ஒரு துகள்தானுங் கிடைத்திலது.

மார்கழித் திங்கள் 29 ஆம் நாள் அரசாங்க அலுவலகங்கள் பூட்டப்பட்டன. அன்றுதொட்டு நகரம் மெல்ல மெல்ல வெறுமையாயிற்று. புத்தாண்டுக்குச் சொந்த ஊர் சேர்தல் அந்நாட்டவர் வழக்கம். குழந்தைகளையும் பலகாரப் பெட்டிகளையுஞ் சுமந்துகொண்டு குடும்பங் குடும்பமாக அவர்கள் மேடையில் நின்ற காட்சி, தைப்பொங்கலுக்கு முன்னாளிற் கொழும்புக் கோட்டை நிலையத்தில் நாம் கண்ட காட்சியை எமக்கு நினைவூட்டிற்று. வட மாகாணங்களிலிருந்து வந்தோர் பலர் அந்நகரை நிருமாணித்தவர் வழித்தோன்றல்களாவர். 1950 ஆம், 1960 ஆம் ஆண்டுகளில் மழைப்பனியால் வயல்கள் மூடுண்ட காலத்தில் உழவர் கூலித்தொழில் நாடித் தலைநகர் சென்றனர். சிலர் இளவேனிலில் ஊர் மீண்டனர், பலர் மீளவில்லை.

யாமும் அக்கூட்டத்தோடு கூட்டமாக விரைவு வண்டியேறி நீகத்தா மாகாணத்தை நோக்கிச் சென்றோம். ஒன்றரை மணி நேரத்துள் 200 கிலோமீற்றர் கடந்தது வண்டி. இடையே 22 கிலோமீற்றர் நீளமான ஒரு சுரங்கமுண்டு. சுரங்கத்தின் இப்புறத்தே வெயில் எறித்தது. அப்புறத்தே வீடும் மரமும் வயலும் வேறறியாவாறு வெண்மையொன்றே நிறைந்திருந்தது. சைபீரியாவினின்று வீசும் கடுங்குளிர்க் காற்று யப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை முகந்து, நாட்டின் நடுவே நீண்டு கிடக்கும் மலைகளில் மோதி, மேற்குப் பக்கத்தே மழைப்பனியாய்ச் சொரிகின்றது. ஈரமிழந்து வறண்ட காற்றே கீழ்ப்பக்கஞ் செல்லும். தென்மேற்குப் பருவக்காற்று நமது மலைநாட்டின் மேலைச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கீழைப்புறத்தே கச்சானாய் வறண்டு வீசுதலை அறிந்த நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஒரே மலையின் இரு மருங்கில் வாழ்வோரில் ஒருவர்க்கு நீல வானமும் மற்றவர்க்குப் பனிச்சுமையும் வாய்த்தன.

அங்கிருந்து சிறு வண்டிகளில் மாறி ஏறித் தக்கதா என்னும் பட்டினத்தை அடைந்தோம். 1614 இல் கோட்டை கட்டப்பெற்ற பழைய ஊர் அது. 1945 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அங்கே 377 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மழைப்பனி படிந்ததாகப் பதிவுண்டு. இரண்டு ஆள் உயரத்தினும் மிக்கது அது. முற்காலத்தில் ஊர் முழுதும் மூடுண்டபோது, ‘இதன் கீழே தக்கதா உளது’ என்று பலகை நாட்டி வழிப்போக்கர்க்கு அறிவித்தனர் என ஒரு செவிவழிக் கதையும் வழங்குகின்றது.

இவ்வூர்த் தெருக்களில் யாம் கண்டதே ‘கங்கி’ எனப்படும் தாழ்வாரம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வீட்டு முகப்பை நீட்டிக் கூரையிட்டுள்ளனர். அடுத்த வீட்டின் கூரை அதனைத் தொடுகின்றது. அதற்கடுத்தது அதனைத் தொடுகின்றது. இவ்வாறு தெருவின் ஒரு முனையினின்று மறுமுனை வரை, தலைமேற் பனி வீழாமல் எவரும் நடந்து செல்லலாம். இதில் கருதத்தக்கது யாதெனில், அத்தாழ்வாரம் நிற்கும் நிலம் தெருவுக்குரியதன்று, வீட்டுக்காரருக்கே உரியது. அவரே நிலம் விட்டு, மரம் வாங்கி, ஓடு வேய்ந்து, பழுதும் பார்க்கின்றார். அவர் வீட்டின் முன்னே உள்ள பகுதியால் அவருக்கு வரும் பயன் சிறிதே. அயலார் பகுதிகளும் தொடர்ந்து நின்றாலன்றி அவர் கடைத்தெருவுக்குச் செல்லவியலாது. ஆகவே ஒருவர் கொடுத்தது பிறர்க்காயிற்று. பிறர் கொடுத்தது அவர்க்காயிற்று. கொடுத்தவர் பெயர் பொறித்த கல்லொன்றை அத்தெருவில் யாம் கண்டிலம்.

காலை வேளையில் எண்பது வயதை அணுகிய மூதாட்டியொருவர் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கிய பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தம் பகுதியை முடித்ததும் அடுத்த வீட்டுப் பகுதிக்கும் சென்றார். அவ்வீடு பூட்டியிருந்தது. அதற்கப்பால் ஓரிடத்தில் வீடே இல்லை. இடிக்கப்பட்ட வீட்டின் நிலத்தில் வானம் திறந்து, மார்பளவு பனி குவிந்து கிடந்தது. தாழ்வாரத்தே வந்தோர் அவ்விடத்திலே தெருவுக்கு இறங்கி, வழுக்கும் பனியில் நடந்து, மீண்டும் ஏற வேண்டியவராயினர். எம்முடன் வந்த விடுதி இளைஞர் எமக்காக வினவிச் சொன்ன மறுமொழி இது: அவ்வீட்டார் தலைநகரில் நல்ல நிலையில் இருக்கின்றனராம், புத்தாண்டுதோறும் மூதாட்டிக்கு வாழ்த்து மடல் தவறாது வருகின்றதாம்.

மடல் வருகின்றது, தாழ்வாரம் இல்லை. யாம் அவ்விடத்தே நெடுநேரம் நின்றோம்.

கிராமத்தை உயர்த்தியும் நகரத்தைத் தாழ்த்தியும் பேசுதல் எமது நோக்கமன்று. வெண்பனி காண்பவர்க்கே அழகு, சுமப்பவர்க்கன்று. இவ்வுண்மையை அம்மாகாணத்துச் சியோசவா என்னும் ஊரிற் பிறந்த சுசுக்கி பொக்குசி என்னும் துணிவணிகர், பனிநாட்டு வாழ்வைப் பற்றி எழுதி 1837 இல் அச்சேற்றிய நூலிலேயே நகரத்தார்க்கு எடுத்துரைத்தார். புதிதாய் வீழ்ந்தபோது மெல்லியதாய்த் தோன்றும் மழைப்பனி படிந்து இறுகியபின் கன மீற்றருக்கு 300 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறைகொள்ளும். அதனைக் கூரையினின்று தள்ளாவிடின் வீடு நொறுங்கும். தள்ள ஏறுவோர் வழுக்கி வீழ்ந்து மாள்வதுமுண்டு. 2005–2006 மாரியில் அந்நாட்டில் மழைப்பனியால் மாண்டோர் 152 பேர். அவருட் பெரும்பாலோர் முதியோர். இளையோர் இல்லாத ஊரிற் கூரையேறுவோர் வேறு யார்? இத்தகைய ஊரைவிட்டுப் பிழைப்பு நாடிச் சென்றவரைக் குறைகூறல் அறமாகாது. நம்மூரைவிட்டுச் சென்றோர்க்கும் பிழைப்பேயன்றி உயிரச்சமுங் காரணமாயிருந்ததை யாம் மறந்தோமல்லேம்.

பாதை வந்தால் மக்கள் மீள்வர் என்பர் சிலர். இம்மாகாணத்திற் பிறந்து 1972 இற் பிரதமரான தனக்கா கக்குவேய், பின்தங்கிய பகுதிகளை விரைவுப் பாதைகளால் இணைத்தல் வேண்டுமென அவ்வாண்டிலேயே நூல் எழுதினார். 1982 இல் விரைவு வண்டியும் வந்தது. ஆயினும் 1990 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் 25 இலட்சமளவாயிருந்த அம்மாகாணத்தின் குடித்தொகை இன்று 22 இலட்சத்துக்குங் குறைந்துவிட்டது. நாடு முழுவதிலும் 2023 இல் ஏறத்தாழ 90 இலட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. பாதை கொண்டுவருவது போலவே கொண்டும் போகின்றது. நமது யாழ்ப்பாணத்துக்கு 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 இல் மீண்டும் வந்தது, மகிழ்ந்தோம். அது விருந்தினரைக் கொணர்கின்றது. வந்தவர் தங்கும் நாட்களை எண்ணுதற்குக் கைவிரல்களே போதும்.

நம்மவர்க்கும் இத்தாழ்வார அறம் புதிதன்று. பருத்தித்துறையிலே தெருவின்மேற் கூரையெழுப்பி நிற்கும் தெருமூடி மடத்தை அறியாதார் யார்? தலைச்சுமையை இறக்கி வைப்பதற்குச் சுமைதாங்கியும், மாடு உரைஞ்சுதற்கு ஆவுரோஞ்சிக் கல்லும், வழிப்போக்கர் நீரருந்தக் கேணியும் நம் முன்னோர் தத்தம் பொருளைச் செலவிட்டு அமைத்தனர். பனையோலையால் வீடு வேயும் நாளில் அயலவர் கூலியின்றிக் கூடினர். நமது கல்லூரியும் அவ்வாறே எழுந்ததன்றோ? ஒருவர் நிலம் ஈந்தார். ஒருவர் மரம் ஈந்தார். ஈதற்கு ஏதுமில்லாதார் பிடியரிசி ஈந்தனர். அக்கூரையின்கீழ் நடந்தே நாம் பனி படாமல் அக்கரை சேர்ந்தோம். நாம் கடந்த பின்னர் வருவோர்க்கு நம் பகுதிக் கூரை நிற்கின்றதா என்பதே யூபிலியாண்டில் நாம் வினவவேண்டிய வினா.

ஈண்டு யாம் பிறரை மட்டும் குறை கூறுவோமாயின் அது நேர்மையாகாது. எமது வீடும் பூட்டியே கிடக்கின்றது. கிணறு இறைப்பாரின்றிப் பாசி படர்ந்துள்ளது. வேலியை அயல்வீட்டு அண்ணரே ஆண்டுதோறும் தம் செலவில் அடைத்துவருகின்றார் என்பதைத் தக்கதாவிலிருந்து மீண்ட பின்னரே விசாரித்தறிந்தோம். அத்துணைக் காலமும் நாம் அவருக்கு அனுப்பியது வாழ்த்து மடலே.

ஆதலின், பழைய மாணவர் முன்னிலையில் மூன்று கருத்துக்களை வைக்கின்றோம். முதலாவது: ஊரிற் பூட்டிய வீடுடையோர் அதனை ஓர் ஆசிரியருக்கோ, தூரத்திலிருந்து வந்து கற்கும் மாணவரின் குடும்பத்துக்கோ குறைந்த வாடகைக்கேனும் திறந்துவிடுக, வெறுங் காணியைப் பயிர் செய்வோரிடம் ஒப்படைக்குக. இரண்டாவது: புதுமண்டபம் கட்டப் பொருள் தருவோர் பலர், கட்டிய மண்டபத்தின் ஓட்டை மாற்றத் தருவோர் சிலர். பெயர்க்கல் இல்லாத பராமரிப்பு நிதியொன்று தொடங்கப்படுக. அதற்கு ஆண்டுதோறும் சிறு தொகை தவறாது செலுத்துக. மூன்றாவது: விடுமுறைக்கு ஊர் வருவோர் பரிசளிப்பு மேடையில் அமர்வதோடு அமையாது, தாம் கற்ற தொழிலை ஒரு கிழமையேனும் வகுப்பறையில் நின்று மாணவர்க்குக் கற்பிக்குக. இவை பெரிய காரியங்களல்ல. தாழ்வாரத்தின் ஒவ்வொரு பகுதியும் சிறியதே. தொடர்ச்சியே அதன் பெருமை.

இன்று கற்கும் மாணவர்க்கும் ஒரு சொல். நீவிர் உலகெங்குஞ் செல்லுங்கள். பெரு நகரங்களைக் காணுங்கள். அங்கே வாழவும் வாழுங்கள். செல்லவேண்டாவென்று தடுப்போம் அல்லேம், நாமே சென்றவர்கள். ஆயின் நகரத்தோடு நின்றுவிடாது, சுரங்கத்துக்கு அப்பாலுள்ள ஊரையும் சென்று பாருங்கள். அங்கே முதியோர் ஒருவர் தம் வாயிலைப் பெருக்கியபின் அயலான் வாயிலையும் பெருக்கக் காண்பீர்கள். அப்பொழுது உங்கள் ஊரில் உங்கள் வாயிலை யார் பெருக்குகின்றார் என்று ஒரு கணம் எண்ணுவீர்களாயின், பிரயாணத்தின் பயனை அடைந்தவராவீர்கள்.

யாம் இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு ஊர் செல்வதாக உளோம். வீட்டுத் திறப்பு எமது கையில் இருக்கின்றது.