மிச்சம் யார் கணக்கில்?



சென்ற பொதுக்குழுவில் எழுந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைப்பதற்கு முன்பே தேநீர் வந்துவிட்டது, கூட்டமும் கலைந்துவிட்டது. சிறு கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பருப்பு, எண்ணெய், கற்பூரம் முதலிய சரக்குகளை மொத்தமாக லாரியில் இறக்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்பது யோசனை. அதில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆண்டு முடிவில் மிச்சம் நின்றால் அது யாருக்கு என்று வந்தபோதுதான் குரல்கள் உயர்ந்தன. கட்டட நிதிக்கு என்றார் ஒருவர். தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரியுங்கள் என்றார் இன்னொருவர். பங்குப் பணம் போட்டவனுக்குத்தான் லாபம் என்றார் மூன்றாமவர். மூன்றும் சரியில்லை என்பது நமது கருத்து. கூட்டத்தில் சொல்ல வாய்ப்பில்லாததை இங்கே எழுதுகிறோம்.

நமக்கு இந்த விஷயம் புரிந்தது மளிகையில் அல்ல, மின்சாரத்தில். நம் மாநிலத்தில் மின்சாரம் என்றால் வாரியம்தான். 1957இல் ஏற்பட்ட அது 2010இல் நிறுவனங்களாகப் பிரிந்து பெயர் மாறிவிட்டாலும், கடைத்தெருவில் இன்னும் ‘ஈ.பி.’தான். நாம் கட்டியிருக்கும் டெபாசிட்டுக்கு வருடம் ஒருமுறை வட்டி வரவு வைக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, “வாரியம் லாபத்தில் நமக்குப் பங்கு கொடுக்கிறது” என்று நம் நண்பர் ஒருவர் மகிழ்ந்துகொண்டிருந்தார். அது நம் பணத்துக்கு வட்டி, அவ்வளவே. பயனீட்டாளருக்கு மிச்சத்தில் உரிமை என்பது வேறு சங்கதி.

அந்தச் சங்கதி நடப்பது அமெரிக்காவில். 1930களின் நடுவில் அந்த நாட்டுப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்ததாம். கிராமத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. 1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கலுக்கென ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்தினார். மறு ஆண்டு சட்டமும் வந்தது. அரசிடம் கடன் பெற்று, குடியானவர்களே சங்கம் அமைத்து, கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். இன்றைக்கு அப்படிச் சுமார் 900 சங்கங்கள் உள்ளன. மின்சாரம் வாங்குபவர் எல்லோரும் உறுப்பினர்கள். பெரிய பண்ணையானாலும் ஒற்றை விளக்கு வீடானாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான்.

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது அவர்கள் கணக்கு எழுதும் முறை. ஆண்டு முடிவில் செலவு போக நிற்கும் மிச்சத்தை அவர்கள் லாபம் என்று கருதுவதில்லை. உறுப்பினரிடம் கூடுதலாக வசூலானது என்றே கருதுகிறார்கள். அந்த ஆண்டு யார் எவ்வளவுக்கு மின்சாரம் வாங்கினாரோ அந்த விகிதப்படி, ஒவ்வொருவர் பெயரிலும் ‘மூலதன வரவு’ என்று எழுதிவைக்கிறார்கள். பணம் உடனே கைக்கு வராது. புதுக் கம்பம், டிரான்ஸ்பார்மர் என்று சங்கத்தின் மூலதனமாக அது சுழலும். நிதி நிலைமை இடம்கொடுக்கும்போது, பெரும்பாலும் பழைய ஆண்டு வரவிலிருந்து தொடங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். இருபது வருடம்கூட ஆகலாம். அதற்கு வட்டி கிடையாது. ஆனால் ஊரைவிட்டுப் போனாலும் பெயரில் உள்ள வரவு போகாது. உறுப்பினர் காலமானால் வாரிசு கேட்டு வாங்கலாம். முகவரி தெரியாமல் நிற்கும் பணத்துக்குப் பெயர்ப் பட்டியல் வெளியிட்டு ஆளைத் தேடும் சங்கங்களும் உண்டு.

மிச்சத்தைச் சங்கம் கையில் வைத்திருக்கலாம், அதில் தவறில்லை. யாருடையது என்று பேரேட்டில் எழுதாமல் வைத்திருப்பதுதான் தவறு. கட்டட நிதி கேட்டவருக்கு நாம் சொல்லும் பதிலும் இதுவே. கட்டடம் கட்டுங்கள், ஆனால் எவர் பணத்தில் கட்டுகிறீர்கள் என்று பெயர் பெயராக எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

அமெரிக்காவிலும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. டெக்சாஸ் மாநிலத்துப் பெடர்னாலஸ் என்ற பெரிய மின் கூட்டுறவின் உறுப்பினர்கள் 2007இல் நீதிமன்றம் போனார்கள். மறு ஆண்டு ஏற்பட்ட சமரசத்தில் மூலதன வரவைத் திருப்பித் தருவதும் ஒரு நிபந்தனையாயிற்று. கணக்கில் பெயர் இருந்தால்தானே கேட்க முடியும்?

இம்முறை நம் நாட்டுக்கும் வந்தது. 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்கச் சங்கங்களின் ஒத்தாசையுடன் கர்நாடகத்தில் ஹுக்கேரி, அன்றைய ஆந்திரத்தில் சிர்சில்லா, மகாராஷ்டிரத்தில் முளா-பிரவரா, குஜராத்தில் கோடினார், உத்தரப் பிரதேசத்தில் லக்னோ என ஐந்து இடங்களில் மின் கூட்டுறவுகள் தொடங்கின. ஹுக்கேரியும் சிர்சில்லாவும் இன்றும் தேர்தல் நடத்தி இயங்குகின்றன. முளா-பிரவராவில் மின்சாரம் வாங்கிய வகையில் பாக்கி மலையாக ஏறி, 2011இல் விநியோகம் மாநில மின் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. வசூல் இல்லாத இடத்தில் மிச்சத்துக்கு எங்கே போவது? நம் திட்டத்திலும் கடன் சரக்கு கூடாது, ரொக்கம்தான் என்று நாம் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இவ்வளவு தூரம் போவானேன், நம்மூர்ப் பால் சங்கத்தைப் பாருங்கள். போனஸ் கொடுக்கும்போது ஊற்றிய பாலின் கணக்குப்படிதான் கொடுக்கிறார்கள். மளிகையிலும் புதிதல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844இல் 28 பேர் சேர்ந்து திறந்த கடை, வாங்கிய அளவுக்கு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1904இல் சென்னையில் தொடங்கியதுதான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்.

நம் திட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக் கொள்முதல் 50 லட்சம், மிச்சம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூபாய்க்கு இரண்டு பைசா. மூன்று லட்சத்துக்கு வாங்கியவர் பெயரில் 6,000 ரூபாய், கிரிவலப் பாதையில் பெட்டிக்கடை வைத்து 40,000 ரூபாய்க்கு வாங்கியவர் பெயரில் 800 ரூபாய். பெரிய கடைக்குத்தானே அதிகம் என்பீர்கள். அதிகம் வாங்கியவரிடமிருந்துதான் அதிகம் வசூலானது. அவர் ஆட்டிப்படைக்காமல் இருக்க, ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதை விதியில் எழுதிவிட வேண்டும்.

பெரிய கடைக்காரன் என்ற முறையில் நம் சொந்தக் குறையையும் சொல்லிவிடுகிறோம். இருபது வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி, குறிப்பிட்ட அளவு சரக்கு எடுத்தால் ஆண்டு இறுதியில் தனித் தள்ளுபடி என்றது. நாம் ஒருவராக அந்த அளவை எட்டவில்லை. நம்மிடம் வாங்கிய சில்லரைக் கடைகள்தான் எட்டவைத்தன. தள்ளுபடி நம் கல்லாவுக்கு வந்தது. அடி அண்ணாமலையில் நம் வீட்டுக்கு நாலு கடை தள்ளி மளிகை வைத்திருந்தவர், “முதலாளி, அதுல எங்களுக்கு ஏதாவது உண்டுங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நாமும் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டோம். அவர் அதன் பிறகும் நம்மிடமே சரக்கெடுத்தார். இப்போது அவர் இல்லை, மகன் கடையைப் பார்க்கிறார். பழைய சிட்டைகளைத் தேடி எடுத்து, அவர் வாங்கியதற்கு விகிதம் போட்டுப் பார்த்தோம். பெரிய தொகை ஒன்றுமில்லை. போன பௌர்ணமி கூட்டம் ஓய்ந்த பிறகு மகனிடம் கொடுத்தபோது, எதற்கு என்றே அவருக்குப் புரியவில்லை. சிட்டையைக் காட்டித்தான் விளக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் கணக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிந்த நம் போன்ற சங்கம் வேறு, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கூட்டுறவுச் சங்கம் வேறு. கூட்டுறவில் முதலில் சேமநிதிக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொட முடியும். நாம் எந்த வழியில் போவது என்பதை ஆடிட்டரிடமும் கூட்டுறவுத் துறையிலும் கேட்டுத் தெளிந்த பிறகே வசூலைத் தொடங்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் நாம் கொண்டுவரும் தீர்மானம் இதுதான்: கூட்டுக் கொள்முதலில் நிற்கும் மிச்சம் வாங்கிய அளவுப்படி ஒவ்வொருவர் பெயரிலும் வரவு வைக்கப்பட வேண்டும், ஆண்டுதோறும் அவரவர் கணக்குச் சீட்டு அவரவர் கைக்குப் போக வேண்டும், கடையை மூடியவருக்கும் வாரிசுக்கும் அது செல்லும். வழிமொழிய ஒருவர் தேவை. தேநீருக்கு முன்பே எடுத்துக்கொள்ளும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம்.