தூக்குமேடைப் பாட்டுக்கள்

இங்கிலாந்தில் 1868-ம் வருஷம் வரையில் தூக்குத் தண்டனை பகிரங்கமாகவே நிறைவேற்றப்பட்டு வந்தது. குற்றவாளியின் கதியைக் கண்ணாரக் கண்டால் ஜனங்கள் பாபத்துக்கு அஞ்சுவார்கள் என்பது சர்க்காரின் எண்ணம். ஜனங்களோ திருவிழாவுக்குக் கூடுவதுபோல் கூடினார்கள். கூட்டத்தினிடையே ஒரு பென்னி விலைக்கு அச்சுத்தாள்கள் விற்றன. மேலே தூக்குமரத்தின் படம். கீழே வழக்கின் விவரம். அதன் கீழே, குற்றவாளியே 'நான்' என்று தொடங்கித் தன் பாபங்களைச் சொல்லிப் பிரலாபிக்கும் பாட்டு.

லண்டன் ஸெவன் டயல்ஸில் அச்சுக்கூடம் வைத்திருந்த ஜேம்ஸ் காட்நாக் இவ்வியாபாரத்தில் பெயர் பெற்றவர். மரியா மார்ட்டன் என்ற பெண்ணைக் கொன்றதற்காக 1828-ல் வில்லியம் கார்டர் தூக்கிலிடப்பட்டபோது, அவர் அச்சிட்ட தாள் பதினொரு லக்ஷத்துக்கு மேல் விற்றதாகச் சொல்லுவர். வியாபாரிகளின் கணக்கு; பாதியைத் தள்ளினாலும் பெருந்தொகையே.

ஆயினும் நாம் கவனிக்கவேண்டியது விற்பனையன்று. பாட்டை எழுதியவன் குற்றவாளியல்லன். அற்பக் கூலிக்குப் பாட்டுக் கட்டும் ஏழை. தூக்குமேடையைச் சுற்றி விற்கவேண்டியிருந்தபடியால், சாகிறவனுடைய 'கடைசி வாக்குமூலம்' அவன் உயிரோடிருக்கும்போதே அச்சாகிவிடும். படத்துக்கும் புதுக் கட்டை வேண்டியதில்லை. தொங்குபவன் யாராயினும் பழைய கட்டையே போதும். அவன் வாய் மறுத்தாலும் அவன் பெயரால் வந்த பாட்டு ஒப்புக்கொள்ளும். சர்க்காருக்கு இதைவிட அனுகூலமான சாட்சி ஏது?

1849-ல் மானிங் தம்பதிகள் தூக்கிலிடப்பட்டதை நேரில் கண்ட சார்ல்ஸ் டிக்கன்ஸ், கூட்டத்தின் கேலியையும் கூத்தையும் கண்டித்து 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதினார். 1868 மே 26-ல், கிளார்க்கன்வெல் வெடி வழக்கில் சிக்கிய ஐரிஷ்காரர் மைக்கேல் பாரெட் நியூகேட் சிறைவாசலில் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றத்தை மறுத்தவர். அதுவே கடைசிப் பகிரங்கத் தூக்கு. மூன்றே தினங்களில் புதுச் சட்டம் வந்து, தூக்குமரம் மதிலுக்குள் போயிற்று. பாட்டு வியாபாரமும் படுத்தது.

நமது சென்னைக் குஜிலிக் கடைகளிலும் கொலைச் சிந்துகள் விற்றன. அவற்றை இகழும் பண்டிதர்களோடு நாம் சேரவில்லை. ஏழைகளுக்கு அவையே பத்திரிகை. நமக்கு வருத்தம் தருவது இக்காலத்துப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளுமே. கைதான மறுநாளே 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் கூறிய ஒப்புதல் வாக்குமூலம், கூறியவனுக்கு விரோதமான சாட்சியமாகாது என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2023-ம் வருஷத்துச் சட்டத்திலும் அவ்விதி இருக்கிறது. நீதிபதி காதில் வாங்காததை வாசகர் காதில் ஓதுவானேன்? 'போலீஸார் கூறுகிறார்கள்' என்ற இரண்டு சொற்களையும், கைதியின் மறுப்பையும் முதல் நாளே சேர்த்து அச்சிடும்படி சகபத்திரிகைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.