சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: வார்டில் நம் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை?

ராசிங்காபுரத்தில் போன மாதம் ஒரு தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தேன். நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் அம்மா விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். அந்தக் கூலியில்தான் படிப்பு. "படிப்பெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அண்ணே, ஒரு தப்பு நடந்துச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன்" என்றாள்.

பயிற்சிக்குப் போன மருத்துவமனையில் நடந்தது. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு 20 யூனிட் இன்சுலின் போடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு வகையில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அன்று இருந்தது 40 யூனிட் குப்பி. எடுத்ததோ ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். தங்கைக்கு அது தெரியும். முந்தைய வாரம்தான் வகுப்பில் படித்திருந்தாள். மூத்த செவிலியர் அவசரத்தில் இருந்தார். இவள் வாய் திறக்கவில்லை.

சர்க்கரை இறங்கவில்லை. மருந்து போதவில்லை என்று நினைத்த டாக்டர், மறுநாள் அளவை 30 ஆக்கினார். மறுநாள் டியூட்டிக்கு வந்தவர் சரியான சிவப்பு மூடி சிரிஞ்சில் போட்டார். முதல் நாள் 8 யூனிட் போன உடம்புக்கு மறுநாள் 30. மதியத்துக்குள் அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். "எங்க அம்மா வயசுண்ணே அவங்களுக்கு" என்றாள்.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"எப்பிடிண்ணே சொல்றது? அதுக்கு முன்னால ஒரு மருந்து பேரு புரியாம திருப்பிக் கேட்டேன். 'ஸ்காலர்ஷிப்புல வர்றதுகளுக்கு இதெல்லாம் எங்க ஏறப்போகுது'ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்குறதில்ல."

தோழர்களே, அந்த அம்மாவின் உயிர் ஊசலாடியது இன்சுலினால் மட்டும் இல்லை. அந்த ஒரு வார்த்தையாலும்தான்.

மருந்து கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை ஐந்து என்று நர்சிங் பாடம் சொல்கிறது: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்த பிள்ளைதான் அன்று அங்கே நின்றாள். அறிவு இருந்தது. அதைச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்ற நம்பிக்கை பறிபோயிருந்தது. ஊருக்குள் எதிர்த்துப் பேசாதே, நிமிர்ந்து பார்க்காதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்தார்கள். அந்தப் பாடம் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு வார்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாதி அவமதிப்பு ஒரு மாணவியின் மனதை மட்டும் காயப்படுத்துவதில்லை. அவள் எதிரே படுத்திருக்கும் நோயாளியையும் அது தொடுகிறது. அரசு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2022 நவம்பரில் சென்னையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனை பிரியாவுக்குப் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. காலில் போட்ட கட்டு இறுக்கி, ரத்த ஓட்டம் தடைபட்டது. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் காலை எடுத்தும் காப்பாற்ற முடியாமல், நவம்பர் 15 அன்று இறந்துபோனார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கட்டுப் போட்ட காலில் விரல் குளிர்கிறதா, நிறம் மாறுகிறதா, உணர்ச்சி இருக்கிறதா, மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறுகிறதா என்று விடாமல் பார்ப்பது அறுவை சிகிச்சைப் பராமரிப்பின் அரிச்சுவடி. ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. பார்த்ததை டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். கட்டிலருகே நிற்கும் யாரும், அவர் முதலாம் ஆண்டு மாணவியாகவே இருந்தாலும், பயமில்லாமல் சொல்லக்கூடிய வார்டில்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு.

இதற்காகச் செவிலியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில் ரடோண்டா வாட் என்ற செவிலியர், பதற்றத்தைத் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்துவிட்டார். நோயாளி இறந்தார். செய்த தவறை அவரே உடனே ஒப்புக்கொண்டார். 2022ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. உண்மையைச் சொன்னால் சிறை என்றால் இனி யார் சொல்வார்கள் என்று அங்கே செவிலியர்கள் கேட்டார்கள். நம் ஊர்க் கதை என்ன? 2017ல் சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்த ஒப்பந்தச் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். நிரந்தர வேலை இல்லாதவர், வேலைப்பளுவில் மூச்சு முட்டுகிறவர், தவறைப் பதிவேட்டில் எழுதத் துணிவாரா? பணி நிரந்தரம் கேட்பதும் நோயாளியின் பாதுகாப்புக்கான போராட்டம்தான்.

'இதெல்லாம் தொழில் விஷயம், இயக்கத்துக்கு என்ன வேலை?' என்று சில தோழர்கள் கேட்கலாம். ஏலத்தோட்டத்தில் குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்து அடிப்பது யார் என்று யோசியுங்கள். அந்த வகை விஷம் ஏறினால் முக்கிய மருந்து அட்ரோபின். குறைவாகப் போனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு நிற்கும். கூடுதலாகப் போனால் காய்ச்சலும் பிதற்றலும் வரும். நெஞ்சின் சத்தம், நாடித் துடிப்பு, கண் பாவை மூன்றையும் பார்த்துப் பார்த்து அளவைச் சொல்ல ஒருவர் கட்டிலருகே இருக்க வேண்டும். அந்த இடத்தில் இருக்கப்போகிறவர்கள் நம் தங்கைகள். கட்டிலில் கிடக்கப்போகிறவர்கள் நம் அண்ணன்கள்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இருக்கிறது. நம் படிப்பகங்களில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நர்சிங் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் மருந்துப் பெயர்களையும் அளவுக் கணக்குகளையும் கூச்சமில்லாமல் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகட்டும். வேலையில் இருக்கும் அக்காக்கள் வந்து சொல்லிக் கொடுங்கள். சாதியைச் சொல்லி அவமதித்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். தனியாகப் போய் நிற்காதீர்கள், நாங்கள் வருகிறோம்.

தங்கைகளே, தம்பிகளே, வார்டில் சந்தேகம் வந்தால் மூன்றே வாக்கியம் போதும்: "சிஸ்டர், ஒரு நிமிஷம். எனக்குச் சந்தேகமா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை பார்த்துடலாமா?" இதில் திமிர் எதுவும் இல்லை. திட்டு விழலாம். விழட்டும். திட்டு ஆறிவிடும்.

அந்தத் தங்கை போன வாரம் போன் செய்தாள். இன்னொரு வார்டில், இன்னொரு குப்பி. "கேட்டுட்டேண்ணே" என்றாள். அந்த சிஸ்டர் முறைத்தாராம். பிறகு குப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் சிரிஞ்சை மாற்றினாராம்.

ஜெய்பீம்!