தட்டிய கையே தாழிடலாமா?

இன்றைய மாணவர் ஓர் ஐயம் தோன்றியதும் முதலில் நாடுவது கைப்பேசியின் தேடுபெட்டியையே ஆகும். ஆசிரியரும் நூலகமும் அதற்குப் பின்னரே நினைவுக்கு வருகின்றனர். அறிவுலகின் வாயிலாக விளங்கும் அப்பெட்டியை ஆள்வோர் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனத்தார். அவர்தம் அறிவாற்றலை உலகம் போற்றுகிறது. ஆனால், அவர்தம் வணிக முறைகளை உசாவும் உரிமை மக்களுக்கு உண்டா? உசாவினால் புதுமை குன்றிவிடுமா? கண்டிப்பான மேற்பார்வை புதுமையைக் கொன்றுவிடும் என்பார் பலர். மேற்பார்வை இல்லாத சந்தையில்தான் புதுமை மடிகிறது என்பது என் துணிபு. கடந்த முப்பது ஆண்டு வரலாறே இதற்குச் சான்று பகரும்.

நெட்ஸ்கேப் கண்ட வீழ்ச்சி

1994-ஆம் ஆண்டில் தோன்றிய நெட்ஸ்கேப் என்னும் நிறுவனம், இணையத்தைக் காண உதவும் உலாவி மென்பொருளை வெளியிட்டுக் குறுகிய காலத்தில் முதலிடம் பெற்றது. அக்காலத்தில் உலகின் தனியாள் கணிப்பொறிகளில் மிகப் பெரும்பாலானவை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் கொண்டே இயங்கின. உலாவியின் வளர்ச்சி தன் ஆட்சிக்கு ஊறு செய்யும் என உணர்ந்த மைக்ரோசாப்ட், 1995-இல் தனக்கென ஓர் உலாவியைப் படைத்தது. படைத்ததில் குற்றமில்லை, போட்டி என்பதே அதுதான். ஆனால் அதனை விண்டோஸோடு பிணைத்து விலையின்றி அளித்ததோடு, அதன் குறியைக் கணிப்பொறி உற்பத்தியாளர் அகற்றலாகாது என்றும் ஒப்பந்தத்தால் கட்டியது. வாங்குவோர் கையில் பொருள் சேருமுன்னரே போட்டி முடிந்துவிட்டது. நெட்ஸ்கேப் வலுவிழந்து, 1999-இல் வேறொரு நிறுவனத்தின் உடைமையாயிற்று.

1998 மே 18-ஆம் நாள் அமெரிக்க அரசின் நீதித்துறையும் இருபது மாநிலங்களும் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தன. 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டமே அவ்வழக்கிற்கு அடிப்படை. 2000-ஆம் ஆண்டில் நீதிபதி ஜாக்சன், நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு ஆணையிட்டார். 2001-இல் மேல்முறையீட்டு மன்றம் அப்பிரிவினையை நீக்கியது; எனினும் தனியாதிக்கத்தைத் தக்கவைக்க நெறிபிறழ்ந்த வழிகளைக் கையாண்டது என்னும் குற்றத்தை நிலைநிறுத்தியது. இறுதியில் கட்டுப்பாடுகளுடன் இணக்கம் ஏற்பட்டது.

கூகுள் எழுப்பிய முறையீடு

அவ்வழக்குத் தொடுக்கப்பெற்ற நான்காம் திங்களில், அதாவது 1998 செப்டம்பரில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர் இருவர் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் எண்ணிக்கையையும் தகுதியையும் அளவிட்டு அதன் சிறப்பை மதிப்பிடலாம் என்பதே அவர்தம் புதுமை. சான்றோர் பலரால் எடுத்தாளப்பெறும் நூலே சிறந்த நூல் என நாம் கொள்வது போன்றதே இம்முறையும். மைக்ரோசாப்ட் அப்போது நீதிமன்றத்தின் கண்பார்வையில் இருந்ததால், நெட்ஸ்கேப்புக்கு நேர்ந்தது கூகுளுக்கு நேரவில்லை எனக் கருதுவார் பலர். எனக்கும் அதுவே ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது.

கூகுள் 2008-இல் குரோம் என்னும் தன் உலாவியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்டின் உலாவிப் பிணைப்பை விசாரித்தபோது, தானும் ஒரு தரப்பாகச் சேர விண்ணப்பித்தது. அதனை அறிவித்தவர் அப்போது அந்நிறுவனத்தின் துணைத்தலைவர்களுள் ஒருவராக இருந்த சுந்தர் பிச்சை. கணிப்பொறியில் முன்கூட்டியே பொருத்தப்பெற்ற உலாவிக்குக் கிடைக்கும் ஆதாயம் ஏனையோர்க்குக் கிடைப்பதில்லை என்பது முறையீட்டின் சாரம். முறையீடு நியாயமானதே. 2009 டிசம்பரில், பயனர் தமக்கு வேண்டிய உலாவியைத் தாமே தெரிவு செய்யும் திரையைக் காட்ட மைக்ரோசாப்ட் உடன்பட்டது. பின்னர் அவ்வாக்கைக் காக்கத் தவறியமைக்காக 2013-இல் 56.1 கோடி யூரோ தண்டம் செலுத்த நேர்ந்தது.

இருக்கை மாறியபின்

காலம் உருண்டது. கணிப்பொறியின் இடத்தைக் கைப்பேசி பிடித்தது. விண்டோஸின் இடத்தில் கூகுளின் ஆண்ட்ராய்டு அமர்ந்தது. 2018-இல் அதே ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. கைப்பேசி உற்பத்தியாளர் கூகுளின் செயலிக் கடையைப் பெறவேண்டுமாயின், அதன் தேடுபொறியையும் உலாவியையும் சேர்த்தே பொருத்தவேண்டும் என நிபந்தனை விதித்தது முதன்மையான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2022-இல் அத்தொகை 412.5 கோடி யூரோவாகக் குறைக்கப்பெற்றாலும் தீர்ப்பின் பெரும்பகுதி நிலைபெற்றது. 2009-இல் கூகுள் எதனைத் தீங்கு என்று முறையிட்டதோ, அதனையே 2018-இல் அதன்மீது பிறர் சுமத்தினர்.

நம் நாட்டிலும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் இதே வகைக் குற்றத்திற்காகக் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி தண்டம் விதித்தது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. அதன்பின் கூகுள், இந்தியாவில் உற்பத்தியாளர் தனித்தனிச் செயலிகளாகப் பெற்றுப் பொருத்தலாம் என்றும், பயனர் தேடுபொறியைத் தெரிவு செய்யலாம் என்றும் அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் கட்டளைகளுள் சிலவற்றை நீக்கினும் தண்டத்தை உறுதிசெய்தது.

தானியக் குவியலுக்குள் ஒரு கை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என வணிகர் கூற, அவ்வாறாயின் மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என நாயகம் வினவினார்கள். வணிகம் ஆகுமாக்கப்பட்டதுதான், ஆயினும் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்க்கும் உரிமை சமுதாயத்திற்கு உண்டு. இந்நெறியின் வழியிலேயே இஸ்லாமிய நகரங்களில் எடையையும் அளவையும் கலப்படத்தையும் ஆராயும் முஹ்தஸிப் என்னும் சந்தை மேற்பார்வையாளர் பதவி செழித்தது. வரலாற்றறிஞர் அல்மக்ரீஸி அவர்களே கெய்ரோ நகரில் அப்பதவியை வகித்தவர்தாம்.

அமெரிக்க அரசு கூகுள் மீது 2020 அக்டோபரில் தொடுத்த வழக்கும் அத்தகையதொரு நுழைப்பே. கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முன்னமைவாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கூகுள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் பிறர்க்கு அளித்த தொகை 2,630 கோடி டாலர் என்னும் உண்மை அவ்வழக்கில் வெளிப்பட்டது. 2024 ஆகஸ்ட் 5-ஆம் நாள் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டத்திற்கு முரணாகத் தனியாதிக்கத்தைக் காத்துவந்தது எனத் தீர்ப்பளித்தார். கூகுளின் தேடுபொறி தரத்தில் மிக உயர்ந்தது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார் என்பது கருதத்தக்கது. பொருள் சிறந்ததாயின் மக்கள் தாமே நாடிவருவர். அங்ஙனமாயின் வாயிலை விலைகொடுத்து வாங்குவது எதற்கு? இவ்வினாவிற்கு மனநிறைவு தரும் விடையை நான் இன்னும் கேட்கவில்லை.

2025 செப்டம்பரில் வழங்கிய தீர்வில் அந்நீதிபதி, குரோமைப் பிரித்து விற்குமாறு பணிக்கவில்லை. முன்னமைவுக்குப் பணம் தருவதையும் முற்றாகத் தடுக்கவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களை விலக்கி, சில தரவுகளைத் தகுதியுடைய போட்டியாளர்க்குப் பகிர ஆணையிட்டார். செயற்கை நுண்ணறிவால் போட்டி புதிய உருக்கொண்டதை அவர் கருத்திற் கொண்டார். ஆயினும் 2022 நவம்பரில் சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் பெரும்பொருள் முதலீடு செய்தது யார் என நோக்கின், அது முன்னொருகால் நெட்ஸ்கேப்பை வீழ்த்திய மைக்ரோசாப்டே என்பது புலனாகும். ஆகவே புதிய வாயிலுக்கும் காவல் தேவைப்படுகிறது.

நம்மவர் என்னும் பெருமிதம்

மதுரையில் பிறந்து சென்னையில் பயின்ற சுந்தர் பிச்சை 2015-இல் கூகுளின் தலைமையை ஏற்றபோது தமிழுலகம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி தக்கதே. அவர் 2023 அக்டோபரில் அவ்வழக்கில் சாட்சியம் அளித்தார். தீர்ப்பளித்த நீதிபதியும் குஜராத்தில் பிறந்தவர். இருவரும் நம் நாட்டு மண்ணில் பிறந்தவர்கள் என்பதால் நீதியின் துலாக்கோல் எப்பக்கமும் சாயவில்லை. நம்மவர் தலைமை தாங்குகிறார் என்பதற்காக நிறுவனத்தின் செயலை உசாவாது விடுதல் முறையன்று. தனி ஒருவரின் நல்லொழுக்கத்தை மட்டும் நம்பிச் சந்தையைத் திறந்துவைக்க இயலாது. வெளியே நிற்குங்கால் கதவைத் தட்டுவதும், உள்ளே புகுந்தபின் தாழிட விழைவதும் ஆற்றல் மிக்க இருக்கையின் இயல்பு. எனவே யார் அமர்ந்தாலும் அவ்விருக்கையைக் கண்காணித்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்கள் இதில் ஆற்றவேண்டிய கடனும் உண்டு. கைப்பேசியை வாங்கியதும் அதன் முன்னமைவுகளைத் திறந்து பாருங்கள். வேறு தேடுபொறிகளிலும் ஒரே வினாவைத் தமிழில் தொடுத்து, விடைகளை ஒப்பிட்டு நோக்குங்கள். எந்நூல் முதலில் வருகிறது, எது மறைகிறது, ஏன் என வினவுங்கள். மூலபாடத்தை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பது தமிழ்த்துறை மாணவர்க்குப் புதிதன்று. அப்பயிற்சியை இங்கும் செலுத்தலாம். சட்டமும் வணிகவியலும் பயில்வோர் போட்டி ஆணையத்தின் ஆணைகளைத் தேடிப் படிக்கலாம். சமுதாயப் பெரியோர் இத்துறைகளில் ஆய்வு செய்ய முன்வரும் இளைஞர்க்குக் கைகொடுத்து உதவவேண்டும். இன்று ஏதோ ஒரு கல்லூரி அறையில் புதுமை ஒன்றைச் சிந்தித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கும் நாளை அக்கதவு திறந்திருத்தல் வேண்டும்.