ஆற்றுக்கு அடியில் ஒரு டோல்கேட்

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் போகிற சுரங்கப் பாதைக்குக் காசு ஏற்றினால் நமக்கென்ன? இதழ் வேலையின்போது ஒரு தோழர் இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே ஊரில், ஒரே ஆற்றை, ஒரு பக்கத்து ஆள் சும்மா கடக்கிறான், இன்னொரு பக்கத்து ஆள் காசு கொடுத்துக் கடக்கிறான் என்றால் அது எங்கே நடந்தாலும் நம்ம விஷயம்தான். ஈழத்திலிருந்து போன நம் மக்கள் பலர் குடியிருக்கிற ஈஸ்ட்ஹாமும் அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

2025 ஏப்ரல் 7ஆம் தேதி சில்வர்டவுன் சுரங்கம் திறந்தது. அன்றைக்கே பக்கத்திலுள்ள பிளாக்வால் சுரங்கத்துக்கும் கட்டணம் வந்தது. 1897இல் திறந்ததிலிருந்து ஏறக்குறைய 128 வருடம் யாரிடமும் காசு கேட்காத சுரங்கம் அது. அதே வருடம் செப்டம்பரில், லண்டன் எல்லையைத் தாண்டிக் கிழக்கே இருக்கிற டார்ட்ஃபர்டில், காருக்கான கட்டணம் 2.50 பவுண்டிலிருந்து 3.50 பவுண்டாக ஏறியது. மேற்கே செல்சி, பட்னி, ரிச்மண்ட் பாலங்களுக்கு ஒரு பென்னியும் கிடையாது. (நகர மையத்துக்குள் 2003 முதல் நெரிசல் கட்டணம் உண்டு. அது பாலத்துக்கு வாங்குகிற காசு அல்ல.)

மேற்குப் பாலங்களும் ஒரு காலத்தில் சுங்கம் வாங்கியவைதான். பெரும்பாலானவற்றைக் கம்பெனிகள் கட்டின, கம்பெனிகள் வசூலித்தன. 1877இல் ஒரு சட்டம் போட்டு, மாநகர வேலை வாரியம் அவற்றில் பலவற்றை விலைக்கு வாங்கியது. 1880க்குள் சுங்கம் ஒழிந்தது. வாங்கிய பணம் யாருடையது? லண்டன் முழுக்க வரி கட்டினவர்களுடையது. கிழக்கே கப்பலில் மூட்டை இறக்கியவனுடையதும் அதில் இருக்கிறது. அவன் பக்கமோ, லண்டன் பாலத்துக்குக் கிழக்கே, வண்டி போக அன்றைக்கு ஒரு பாலம்கூட இல்லை. எங்க காசுல உங்களுக்குப் பாலம், எங்களுக்கு என்ன என்று கிழக்கு லண்டன் கேட்டது. 1889 மார்ச்சில் ஊலிச் இலவசப் படகு வந்தது. அதே வருடம் ஆகஸ்டில்தான் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலையை நிறுத்தி, கேட்டதை வாங்கினார்கள். பிறகு 1897இல் பிளாக்வால். அந்தச் சுரங்கத்துக்காகக் கிரீனிச் பக்கம் 600க்கும் மேற்பட்டவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அழுத்தக் காற்றில் நின்று தோண்டினார்கள், சிலர் செத்தும் போனார்கள். இதற்குப் பெயர் ஓசியா?

இப்போதைய கணக்கைப் பாருங்கள். தொடங்கும்போது காருக்குப் போட்ட கட்டணம்: நெரிசல் நேரத்தில் 4 பவுண்டு, மற்ற நேரத்தில் 1.50. நெரிசல் நேரம் என்பது காலையில் வடக்கே போகும்போது, மாலையில் தெற்கே திரும்பும்போது. கிரீனிச்சிலிருந்து வேலைக்குப் போய் வருகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு 8 பவுண்டு. அந்த வருடம் அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. தினம் 40 நிமிட உழைப்பு ஆற்றுக்கு அடியில் போகிறது. பங்குச் சந்தைக்காரனுக்கும் அதே 4 பவுண்டுதான். சமத்துவம்!

ஏழைகளுக்குப் பாதிக் கட்டணம் உண்டே என்கிறார்கள். உண்டு. கிழக்கு, தென்கிழக்கு லண்டனில் குடியிருக்க வேண்டும், குறிப்பிட்ட அரசு உதவித்தொகை வாங்க வேண்டும், கணக்குத் தொடங்கிப் பதிந்துகொள்ள வேண்டும். போராடி வாங்கின உரிமை, மனு போட்டு வாங்குகிற சலுகையாகிவிட்டது. சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

வங்கியில் கடன் ஏட்டோடு மாரடிக்கிற எனக்கு உறுத்துவது டார்ட்ஃபர்ட் கதை. 1963இல் திறந்த சுரங்கம் அது. 1980இல் இன்னொரு சுரங்கம், 1991இல் ஒரு பாலம். கட்டிய கடன் அடைந்ததும் சுங்கம் போய்விடும் என்றார்கள். 2003இல் கடன் அடைந்தது. காசு வாங்குவது நிற்கவில்லை. சுங்கம் என்ற பெயரை எடுத்துவிட்டு, நெரிசலைக் குறைக்கிற கட்டணம் என்று வைத்தார்கள், அவ்வளவுதான். எங்கள் கவுன்டரில் கடன் அடைந்தால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். சில்வர்டவுனைத் தனியார் கூட்டு நிறுவனம் கட்டியது. லண்டன் போக்குவரத்துத் துறை 25 வருடம் அதற்குத் தவணை கட்ட வேண்டும். அந்தத் தவணை முடிகிற நாளில் என்ன பெயர் வைப்பார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. கிழக்கு லண்டனில் கார் இல்லாத குடும்பங்கள் ஏராளம். காசில்லாமல் ஓடுகிற லாரியின் புகையைக் குடிப்பது அவர்கள்தான். தென்கிழக்கு லண்டனில் இறந்த ஒரு கறுப்பினச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020இல் மரண விசாரணையில் தீர்ப்பானது. வண்டிக்குக் கட்டணம் போட்டால் நெரிசல் குறையும் என்பதை நாம் சும்மா தள்ளிவிட முடியாது. அப்படியானால் புது லாரிப் பாதையை எதற்குத் தோண்டினீர்கள்? நியூஹாம் மக்கள் வருடக்கணக்காகக் கேட்டது இதைத்தான். புகைக்காகத்தான் கட்டணம் என்றால் மேற்குப் பாலங்களில் ஓடுகிற கார்கள் என்ன பன்னீரா தெளிக்கின்றன? ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு பிளாக்வால் வழியாக ஒரே ஒரு தடத்தில் பஸ் போனது. புதுச் சுரங்கத்தில் மாடி பஸ் போகிறது. கார் இல்லாதவர்களுக்கு அது நல்லது. இன்னும் நிறைய விடச் சொல்லிக் கேட்க வேண்டும், அதுவும் காசில்லாமல்.

ஊலிச் படகு இன்னும் இனாமாகத்தான் வண்டிகளை ஏற்றிப் போகிறது. 1885லேயே சட்டத்தில் எழுதி வாங்கினார்கள். பிளாக்வாலில் காசு வாங்க 2018இல் வந்த ஓர் அரசு உத்தரவு போதுமானதாக இருந்தது.