வீட்டுச் செல்லம்: ஜில்லுவுக்கு ஒரு சீப்பு

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு இது ஏழாம் மாதம். வீட்டில் மூன்று வயது லாசா ஆப்ஸோ ஒன்று இருக்கிறது, பெயர் ஜில்லு. மசக்கை ஆரம்பித்த நாளிலிருந்து ஜில்லுவுக்குத் தலைவாரி விட முடியவில்லையாம். முடியெல்லாம் சடை சடையாய்த் திரண்டு கிடக்கிறது. "கொழந்தை பொறக்கறதுக்குள்ள இதை யாருக்காவது குடுத்துடு. நாய் முடி வயித்துல போச்சுன்னா அவ்வளவுதான்!" என்கிறார் மாமியார். கணவரோ, "இதைப் போய் யாராவது குடுப்பாங்களா? அடுத்த வருஷம் ஷோவில நிறுத்தி கப் வாங்கப் போறேன்" என்கிறார். "நான் யார் சொல்வதைக் கேட்பது?" என்று முடித்திருக்கிறார் நம் வாசகி.

இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் கொஞ்சம் கேளுங்கள் அம்மா. முதலில் மாமியார்.

முடியைப் பற்றிய பயம் தேவையில்லை. ஒன்றிரண்டு முடி குழந்தையின் வாய்க்குள் போனால், போன வழியே வெளியே வந்துவிடும். ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வயிற்றைக் கெடுப்பது முடி இல்லை, குடற்புழு! நாயின் மலத்தோடு உருண்டைப் புழுவின் முட்டைகள் வெளியே வருகின்றன. இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்த பிறகு அவை தொற்றக் கூடியவையாகிவிடும். தவழ்கிற குழந்தை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைத்தால் உள்ளே போய்விடும். சில சமயம் அந்தப் புழுக்குஞ்சு கண்வரை போய்ப் பார்வையையே கெடுப்பதுண்டு. ஆகவே ஜில்லுவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புழு மருந்து தவறக் கூடாது. எடை பார்த்து டாக்டர் சொல்கிற அளவுதான். கடையில் கேட்டு வாங்கிக் குத்துமதிப்பாகக் கொடுக்கிற விஷயம் இல்லை. குட்டி நாயாக இருந்தால் இரண்டு வார வயதிலிருந்தே இதை ஆரம்பிக்க வேண்டும். வாசலில் போகிற மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். அந்த வேலையைக் கணவரிடம் விடலாம், கப் வாங்க ஆசைப்படுகிறவர் அவர்தானே!

கர்ப்பிணிகள் பயப்படுகிற டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கிறதே, அதன் முட்டை பூனையின் மலத்தில்தான் வரும். நாயின் மலத்தில் வராது. இதைத் தெரியாமல் எத்தனையோ நாய்கள் வீட்டை விட்டுப் போயிருக்கின்றன. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் மட்டும் டாக்டரைக் கலந்து கொள்ளுங்கள். 'இந்த ஜாதி நாயால் அலர்ஜியே வராது' என்று சொல்லி விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். அலர்ஜியை உண்டாக்குவது நாயின் எச்சிலிலும் தோல் பொடியிலும் இருக்கிற சத்து. அது இல்லாத நாய் கிடையாது.

இன்னும் ஒன்று. குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னாலேயே, அதைச் சுற்றிய துணி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி ஜில்லுவை மோந்து பார்க்க விடுங்கள். வந்த பிறகு எத்தனை சாதுவான நாயானாலும் குழந்தையையும் அதையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது. பால் பொங்குகிறது என்று அடுப்பங்கரைக்கு ஓடினால்கூட, இரண்டில் ஒன்றை இடுப்பில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்!

இனி அந்தச் சடை. இதைத்தான் நான் அவசரம் என்பேன்.

லாசா ஆப்ஸோவின் ஊர் திபெத். உடம்பே நடுங்குகிற குளிரில், மடாலயங்களிலும் பெரிய மனிதர் வீடுகளிலும் உள்கட்டுக் காவலுக்கு வளர்ந்த நாய் அது. 1933ல் பதின்மூன்றாவது தலாய் லாமா அமெரிக்கர் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ஜோடியிலிருந்துதான் அந்த நாட்டில் இந்த ஜாதி பரவ ஆரம்பித்தது. மேல் முடி நீளமாக, கொஞ்சம் கரடாக இருக்கும். அடியில் மெத்தென்று இன்னொரு முடி. அடிமுடி உதிரும்போது தரையில் விழாமல் மேல் முடிக்குள்ளேயே மாட்டிக் கொள்ளும். அதுதான் சிக்காகி, பிறகு கம்பளி மாதிரி கெட்டிப்பட்டுச் சடையாகிறது. காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டை உரசுகிற இடம் என்று நாம் பார்க்காத இடங்களில்தான் முதலில் விழும்.

சடை விழுந்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஷிட்ஸு ஒன்று, மழைக்காலம் முழுக்க மூலையில் முடங்கிக் கிடந்தது. கிட்டே போனால் நாற்றம். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் டாக்டர் மிஷின் போட்டு எடுத்தபோது முதுகு முடி முழுசும் ஒரே துண்டாக, மிதியடி மாதிரி கழன்று வந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். புண்ணுக்குள் புழு நெளிந்தது! சடைக்குள் ஈரம் தங்கி, தோல் ஊறிப் புண்ணாகி, ஈ முட்டையிட்டிருக்கிறது. வாயில்லா ஜீவன் எப்படிச் சொல்லும்? நல்லவேளை, பிழைத்துக் கொண்டது. அதற்கு வயசு நாலுதான்.

வாருவதற்கும் ஒரு முறை உண்டு. காய்ந்த முடியில் சீப்பை வைத்தால் முடி முறியும். பூவாளியில் தெளிக்கிற மாதிரி லேசாகத் தண்ணீர் தெளித்துக் கொள்ளுங்கள். நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வயிற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வகிடு எடுத்து வகிடு எடுத்து மேலே வர வேண்டும். ஒவ்வொரு வகிட்டிலும் தோல் தெரிய வேண்டும். நுனியை முதலில் பிரித்து, பிறகு நடு, கடைசியில் அடி. நீளக் கூந்தல் உள்ள நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை! கம்பிப் பல் பிரஷ் ஒன்று, ஸ்டீல் சீப்பு ஒன்று போதும். பிரஷ் போட்ட இடத்தில் சீப்பு தடையில்லாமல் ஓடினால்தான் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். மேலாக வாரிவிட்டுப் பளபளவென்றிருக்கிறதே என்று ஏமாந்து போகிறவர்கள்தான் அதிகம். சின்னச் சிக்கில் கொஞ்சம் கார்ன்ஃபிளார் மாவைத் தூவி விரலால் பிரித்தால் பிரிந்து வரும். கத்தரிக்கோலைத் தோலோடு ஒட்டி விடாதீர்கள். சடையோடு தோலும் தூக்கிக் கொண்டிருக்கும், வெட்டுப்பட்டுவிடும்.

குளிப்பாட்டுவது சிக்கெடுத்த பிறகுதான். முன்னால் செய்தால் தண்ணீர் பட்டதும் சடை இறுகிப் போகும். நம் சோப்பும் ஷாம்புவும் அதன் தோலுக்கு ஒத்து வராது. நாய்க்கென்றே இருக்கிற ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, முடியைப் பிழிவது போல அமுக்கிவிடுங்கள், கசக்காதீர்கள். தேங்காயெண்ணெய் தடவினால் தெருப் புழுதியெல்லாம் அதன் மேல்தான். மஞ்சள் வேண்டவே வேண்டாம்; வெள்ளை நாய் மாங்கல்ய ஸ்நானம் செய்த மாதிரி நிற்கும்! துவைத்த துணியை நிழலில் உலர்த்துகிற மாதிரி விட்டுவிடாமல், துண்டால் ஒற்றி, இளஞ்சூட்டில் டிரையர் காட்டிக் கொண்டே வாரி, அடிவரை உலர்த்த வேண்டும்.

இத்தனையையும் தரையைத் தொடுகிற முடிக்குச் செய்ய வேண்டுமானால் தினம் அரை மணி நேரம் போய்விடும். பிரசவத்துக்குப் போகிறவளுக்கு அந்த அரை மணி எங்கிருந்து வரும்? ஆகவே என் யோசனை: ஜில்லுவின் முடியை ஒரு அங்குலத்துக்கு ஒட்டக் கத்தரித்துவிடுங்கள். இப்போது இருக்கிற சடைக்கு அதை டாக்டரிடமோ, பழக்கமான ஆளிடமோ செய்வதுதான் நல்லது. வாரத்துக்கு இரண்டு தடவை பத்து நிமிஷம் வாரினால் போதும். அடியோடு வழித்துவிடச் சொல்லாதீர்கள், வெயிலும் கொசுவும் நேரே தோலைத் தாக்கும். இந்த யோசனை லாசாவுக்கும் ஷிட்ஸுவுக்கும்தான். பொமரேனியன் வைத்திருக்கிறவர்கள் மிஷின் பக்கமே போக வேண்டாம். அந்த முடி சில நாய்களுக்குத் திரும்ப ஒழுங்காக முளைப்பதே இல்லை.

முடி குட்டையானால் இன்னொரு லாபம், உண்ணி கண்ணுக்குத் தெரியும். உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. நம் ஊரில் அதனால் வருகிற காய்ச்சல்தான் எத்தனையோ நாய்களைக் கொண்டு போகிறது. சாப்பிடாமல் சுருண்டு கொள்வது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் நீலத் திட்டு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சீக்கிரம் பிடித்தால் குணமாகும். மாத்திரை ஒரு மாதம் போலக் கொடுக்கச் சொல்வார்கள். நாலாம் நாள் வாலை ஆட்டுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தோல் வெந்துவிடும், நக்கினால் விஷம். உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் இல்லை, சுவர் இடுக்கில்! ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். சுவரைக் கவனிக்காமல் நாயை மட்டும் கவனித்தால் அடுத்த மாதம் பழைய கதைதான்.

கண்ணில் தினம் வருகிற பூளையைக் கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும். கெட்டியாகப் பச்சை நிறத்தில் வந்தாலோ, கண்ணை இடுக்கினாலோ, மேலே வெண்படலம் தெரிந்தாலோ நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ஷிட்ஸு மாதிரி முழித்த கண் உள்ளவற்றுக்கு ஒரே நாளில் பார்வை போகலாம். காதுக்குள் நாற்றம் வந்தால் பட்ஸ் விட்டுக் குடையாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. மிச்சமிருக்கிற சாம்பார் சாதத்தைத்தான் பல வீடுகளில் போடுகிறோம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்து உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தையே பழுதாக்கும். ஐந்தாறு கிலோ உடம்புக்குக் கொஞ்சமே அதிகம்.

திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். சப்பை மூக்கு நாய்க்கு அதுவும் சரியாக முடியாது. காலை ஏழு மணிக்குள் நடை முடிந்துவிட வேண்டும். நாக்கு செக்கச் சிவந்து, தள்ளாடி, எச்சில் நூலாய் ஒழுகினால் பச்சைத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, அப்படியே வண்டியில் ஏற்றிக் கொண்டு போங்கள்.

இப்போது கணவரின் கப்! அவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: ஜில்லுவுக்குப் பேப்பர் இருக்கிறதா? சென்னையிலுள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் வம்சாவளியோடு பதிவான நாய்தான் ஜாதி வகுப்பில் நிற்க முடியும். அதன் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் வேண்டும். இருந்தாலும், கத்தரித்த முடி தரை தொட ஒன்றரை இரண்டு வருஷமாவது ஆகும். ஆகவே அடுத்த வருஷம் நடக்காது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். குழந்தை ஓடியாடுகிற வயசில் அவருக்கு ஆசை மிச்சமிருந்தால் வளர்க்கட்டும், அவரே வாரட்டும்.

ஷோவுக்கு வளர்க்கிறவர்கள் முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, மெல்லிய காகிதத்தில் மடித்து ரப்பர் பாண்ட் போட்டு வைப்பார்கள். நாய் நம் பாட்டி காலத்துச் சுருள் கட்டிய நாடகக்காரி மாதிரி திரியும்! அதையும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை அவிழ்த்து வாரிக் கட்ட வேண்டும். அன்றைக்கு ஷிட்ஸுவுக்கு உச்சிக் குடுமி கட்டி ரிப்பன் வைப்பார்கள். லாசாவுக்குக் குடுமி கிடையாது. நடு வகிடு எடுத்து முடியை முன்னால் விழ விடுவதுதான் முறை.

ஆனால் நடுவர் முடியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை. சின்ன நாய்களை மேஜை மேல் ஏற்றி, முடிக்குள் கையை விட்டு எலும்பைத் தடவிப் பார்ப்பார். உதட்டைத் தூக்கிப் பல்வரிசையைப் பார்ப்பார். லாசாவுக்குக் கீழ்ப்பல் மேல்பல்லுக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பதுதான் லட்சணம். ஆண் நாய்க்கு விதை இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். பிறகு ஓட வைத்து நடை பார்ப்பார். அறிமுகமில்லாத கை பட்டால் சீறுகிற நாய் அங்கேயே தோற்றது. இதற்குக் குட்டியிலிருந்தே பழக்க வேண்டும்: தினம் மேஜை மேல் இரண்டு நிமிஷம், வாயைத் திறந்து பார்ப்பது, பாதத்தைத் தொடுவது. கப்புக்குப் போகாத நாய்க்கும் இந்தப் பழக்கம் உதவும். பின்னால் டாக்டர் ஊசி போடும்போது நான்கு பேர் பிடிக்க வேண்டியிருக்காது.

ஷோ மைதானத்தில் பல ஊர் நாய்கள் கூடும். தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை வேடிக்கை காட்டக்கூட அங்கே தூக்கிப் போகாதீர்கள். பார்வோ என்ற ரத்தபேதி இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொன்றுவிடும். ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை அந்த ஊசிகள் உண்டு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதம், பிறகு டாக்டர் அட்டையில் குறித்துக் கொடுக்கிற தேதியில். ஜில்லுவின் அட்டையை இப்போதே எடுத்துத் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால், சடை எடுக்கப் போகிற அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி அதையும் போட்டுக் கொண்டு வந்துவிடலாம். உங்களுக்கு ஒரு அலைச்சல் மிச்சம்.