28 நாள் ஜோசியம்

கான்கிரீட் போட்டு 28 நாள் ஆனதும் தைரியமாக மரத்தளம் பதிக்கலாமாம். ஈரம் அளக்கும் கருவி, பாலிதீன் தாள் எல்லாம் கான்ட்ராக்டர்கள் காசு பிடுங்கும் வழியாம். இப்படி ஒரு கட்டுரை எழுதியவர் கட்டடத் தொழிலில் இருப்பவர் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

28 நாள் என்பது கான்கிரீட்டின் வலிமைக்கான கணக்கு. கியூப் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, 28-ஆம் நாள் எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். ஊறப்போட்ட நாள் கணக்கை உலர்ந்ததற்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார் கட்டுரையாளர்! உலர்வதற்குத் தொழிலில் சொல்லும் தோராயம், க்யூரிங் முடிந்தபின் அங்குலத்துக்கு ஒரு மாதம். நாலு அங்குலத் தளம் என்றால் நாலு மாதம், அதுவும் காற்று வறண்டிருந்தால். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைவாசி வறண்ட காற்றுக்கு எங்கே போவார்?

"கை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது" என்கிறார். மேல்பரப்பு சீக்கிரம் காயும். ஈரம் உள்ளே நிற்கும். அதனால்தான் ஏஎஸ்டிஎம் எஃப்2170 என்ற ஈரம் அளக்கும் தரமுறை, ஒருபக்கம் மட்டும் உலரும் தளத்தில் கனத்தின் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு அளக்கச் சொல்கிறது. அவர் உள்ளங்கை அவ்வளவு தூரம் போகாது. பலகையால் மூடியதும் உள்ளே நின்ற ஈரம் மேலேறும். பலகையின் அடிப்பக்கம் அதைக் குடித்து வீங்க, மேல்பக்கம் ஏசியில் காய, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். அவசரப்பட்டு அப்போதே தேய்த்துச் சமப்படுத்தினால், பின்னால் ஈரம் வடியும்போது நடுப்பகுதி புடைக்கும். ஒரே தவறுக்கு இரண்டு முறை கூலி.

பலகைக் கட்டுகளை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பழக்கினால் போதும் என்பது அடுத்த அருள்வாக்கு. பலகை பழகுவது அறையின் காற்றோடு. அடியிலிருக்கும் ஈரத்தோடு அல்ல. ஈரத்துக்குக் கேடயமாகப் பலகைக்கு அடியில் போடும் மரைன் பிளைவுட்டைக் காட்டுகிறார். அதில் தண்ணீரைத் தாங்குவது பசை. மரம் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும்.

மாடி வீட்டின் பழைய, காய்ந்த தளத்தில் அவர் சொன்னபடி செய்து தப்பித்தவர்கள் இருக்கலாம். அவர் பரிந்துரைப்பது தரைத்தளத்துக்கும் சேர்த்து. அங்கே அடியில் மண்; தளம் வார்க்கும்போதே பாலிதீன் விரிக்கவில்லை என்றால், எத்தனை வருடம் ஆனாலும் ஓதம் ஏறும். காசு பிடுங்குவதாக அவர் பழிக்கும் அந்தத் தாள்தான் மொத்த வேலையிலும் மலிவான சரக்கு.

பலகைக்கு முன்பணம் கொடுக்குமுன் தளத்தின் ஈரப்பத அளவை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் டைல்ஸ் ஒட்டிக்கொள்ளுங்கள்.